ஒருமுறை கத்தினால் போதும்

ஆர்ன்ஃபின் இறந்த செய்தி வந்தபோது சிக்ருன் கம்பெனிச் சமையலறையில் நின்று ரொட்டிமேல் பழுப்புச் சீஸைச் சீவிக்கொண்டிருந்தாள். ஸ்கார்வேய் தீவுக்குப் போகிற ஃபெர்ரி வேகம் குறையாமல் வந்து துறையில் இடித்துவிட்டது, முன்தளத்தில் நின்றிருந்த ஆர்ன்ஃபின் என்பவர் இரும்புக் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிவிட்டார் என்று ஒருவன் போனைப் பார்த்து வாசித்தான். "அது நம்ம பெட்டி வச்ச ஃபெர்ரிதானே?" என்று இன்னொருத்தி கேட்டாள். பதில் எல்லாருக்கும் தெரியும். சிக்ருன் ரொட்டியைத் திரும்பக் காகிதத்தில் சுற்றி வைத்தாள்.

நம்ம பெட்டி என்பது ஒரு கம்ப்யூட்டர்தான். மேலே கேப்டன் கையில் இருக்கிற லீவருக்கும் கீழே தண்ணீரைத் தள்ளுகிற மின் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது. கேப்டன் லீவரை இழுத்தால் அதைக் கேட்டு மோட்டாருக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அதன் பிழைப்பு. அந்தப் பெட்டியின் அடிவயிற்றில் ஓடுகிற கெர்னல் என்ற அடிப்படை நிரல் சிக்ருனின் பொறுப்பு. மற்றவர்கள் திரையில் அழகாகப் படம் போடுவார்கள். இவள் யார் கண்ணிலும் படாத இடத்தில் குனிந்து வேலை செய்கிறவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, சொல்லத்தான் வேண்டும்.

அந்த வேலையில் ஒரு சட்டம் இருக்கிறது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் அது தெரியும். லீவர் அசைந்தால் கெர்னலுக்கு ஒரு தட்டு விழும். விழுந்ததும் கையில் இருப்பதையெல்லாம் போட்டுவிட்டு ஓடி வந்து, சேதியை வாங்கிக்கொண்டு, வந்த வேகத்தில் திரும்பிவிட வேண்டும். அங்கே நின்று எதற்கும் காத்திருக்கக் கூடாது, தூங்கக் கூடாது. அடுப்பில் பால் பொங்கினால் ஓடிப்போய் இறக்குகிறோம். பிடிதுணி பக்கத்து வீட்டுக்காரியிடம் இருக்கிறது, அவள் கொண்டுவந்து தரட்டும் என்று அங்கேயே உட்கார்ந்து கண்ணை மூடுவோமா? இங்கே இன்னும் மோசம். தட்டுக்கு வந்தவன் தூங்கிவிட்டால் எழுப்ப ஆளே கிடையாது. எழுப்ப வேண்டியவர்களையெல்லாம் நிறுத்திவைத்துவிட்டுத்தானே அவன் வந்திருக்கிறான்.

மனுஷன் மறப்பான் என்று தெரிந்து, கெர்னலை எழுதினவர்கள் ஒரு காவலும் வைத்திருந்தார்கள். தூக்கத்தில் கொண்டுபோய்விடக்கூடிய எந்த வேலைக்கும் முன்னால் அது கேட்கும்: நீ எங்கே நின்றுகொண்டு இதைச் செய்கிறாய்? தவறான இடம் என்றால் கத்தும். சும்மா இல்லை, யார் யாரைக் கூப்பிட்டதால் இங்கே வந்து சேர்ந்தாய் என்று வம்சாவளியோடு பக்கம் நிறையக் கத்தும்.

இந்தப் பெட்டியில் அது தினமும் கத்தியது. வெளியிலிருந்து வாங்கிய ஒரு வெப்பமானியின் நிரல், பெட்டி விழிக்கிற நேரத்தில், சட்டத்தை மீறித் திரும்பத் திரும்ப ஒரு பூட்டைக் கேட்டது. பூட்டு என்பது ஒரு நேரத்தில் ஒருவன் மட்டுமே கையில் வைத்திருக்கக்கூடிய அனுமதி, அடுத்தவன் காத்திருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் பூட்டு எப்போதும் காலியாகத்தான் இருக்கும், ஒரு கெடுதலும் வராது. விற்றவர்களிடம் சொன்னால் அடுத்த பதிப்பில் பார்க்கிறோம் என்றார்கள். அந்த அடுத்த பதிப்பு இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. ஆபீசில் அந்தக் கத்தலுக்கு 'காலை வணக்கம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆனால் கப்பலைச் சோதித்துச் சான்று தருகிறவர்களுக்கு, பக்கம் பக்கமாக ஓடுகிற அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தால் கையெழுத்துப் போடத் தயக்கமாக இருந்தது. "இதோட வாய அடைக்க முடியாதா? மானம் போகுது" என்றான் கௌத்தே. இன்றைக்கு அவன் மேலாளர். அன்றைக்கு இவளோடு ஒரே நாளில் சேர்ந்து பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவன்.

அடியோடு அடைக்க சிக்ருனுக்கு மனசு வரவில்லை. அதனால் நியாயமாக ஒன்று செய்தாள். பெட்டி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் காவல் ஒரேயொரு தடவை கத்தலாம், அதற்குப் பிறகு அடுத்த விழிப்புவரை பேசாமல் இருக்க வேண்டும். ஒரே சேதியை எத்தனை தரம் கேட்பது, ஒருமுறை கத்தினால் போதாதா? சின்ன நிரல்தான். எல்லாரும் மெச்சினார்கள். அந்த ஒரு கத்தலைக் காலை வணக்கமே தின்றுவிடும், அதன் பிறகு நாள் முழுக்க எவன் எங்கே சட்டத்தை மீறினாலும் காவலுக்கு நாக்கு இருக்காது என்று அவளுக்கும் தோன்றவில்லை, படித்துப் பார்த்துச் சரி சொன்னவர்களுக்கும் தோன்றவில்லை. கெட்டிக்காரர்கள் கூடிச் செய்கிற முட்டாள்தனத்துக்கு இணையே கிடையாது.

அதற்கப்புறம்தான் லீவருக்கான புது நிரலைக் கௌத்தே எழுதினான். சிக்ருன் அதைப் படித்துச் சரி என்றாள்.

விபத்து விசாரணைக்காரர்கள் கம்பெனியைக் கேட்டார்கள்: மோதலுக்கு முன் பெட்டி ஏதாவது எச்சரித்ததா? சிக்ருன் பதிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். காலை வணக்கத்தைத் தவிர ஒன்றுமே இல்லை. மோதிய நேரத்தை ஒட்டிப் பெட்டி ஒருமுறை அணைந்து எழுந்திருந்தது. மோதிய அதிர்ச்சியில் அப்படி ஆகியிருக்கும் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஆக, பெட்டி நல்ல பெட்டி. மிஞ்சியது கேப்டன் மாக்னார். லீவரை இழுத்தேன், ஃபெர்ரி கேட்கவில்லை, அவசரப் பொத்தானை அழுத்தினேன், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் முதலில் சொன்னார். நீங்கள் இழுத்ததே தாமதம் என்று பதில் வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சிக்ருன் எழுதிக் கொடுத்தது பொய்யில்லை. ஆனாலும் அது மீன்முள் மாதிரி அவள் தொண்டையில் நின்றது. காவல் கத்தவில்லை என்றால் தப்பே நடக்கவில்லை என்றா அர்த்தம்? ஒருநாள் காலை மற்ற வேலையை ஒதுக்கிவிட்டுச் சோதனைக்கூடத்தில் அதே மாதிரிப் பெட்டி ஒன்றை எடுத்து, தான் எழுதிய அந்தச் சின்ன நிரலை நீக்கினாள். அதே மாதிரி லீவரைப் பொருத்தினாள். மோட்டாருக்குப் பதிலாக மேஜைமேல் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். பெட்டி விழித்தது, காலை வணக்கம் ஓடி முடிந்தது. லீவரைத் தொட்டாள்.

காவல் கத்தியது. திரும்ப அசைத்தாள், திரும்பக் கத்தியது. ஒவ்வோர் அசைவுக்கும் கத்தியது. அப்படியென்றால் அந்த ஃபெர்ரியில், முதல் நாளிலிருந்து, கேப்டன் கை ஒவ்வொரு முறை லீவரைத் தொட்டபோதும் அது கத்தத் தவித்திருக்கிறது. தட்டுக்கு ஓடி வருகிறவன் ஒரு பூட்டைக் கேட்கிறான். அந்தப் பூட்டு பெரும்பாலும் காலியாக இருக்கும், வாங்கிக்கொண்டு போய்விடுவான். பேட்டரிக் கணக்கை எழுதுகிறவன் கையில் அது இருக்கிற கண்ணிமைப்பில் மட்டும் இவன் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் தூக்கம், தூங்கினால் எல்லாம் நின்றது.

அந்தக் கண்ணிமைப்பு வாய்க்கிறவரை அவள் லீவரை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருந்தாள். மதியத்துக்கு மேல் வாய்த்தது. லீவர் முழுக்கப் பின்னால் இருந்தது, சக்கரம் முன்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. திரை உறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டி தானாகவே அணைந்து எழுந்து, சமர்த்தாகக் காலை வணக்கம் சொன்னது. அந்தக் கொஞ்ச நேரம் ஒரு ஃபெர்ரி துறையில் போய் மோதத் தாராளமாகப் போதும்.

கௌத்தேயைக் கூட்டிவந்து காட்டினாள். அவன் வம்சாவளியைக் கடைசி வரி வரைக்கும் படித்தான்.

"இது நான் எழுதினது" என்றான்.

"நான் சரின்னு சொன்னது. அந்த இடத்துல போய் ஏண்டா பூட்டக் கேட்ட?"

"லீவரும் பேட்டரிக் கணக்கும் ஒரே எடத்துல எழுதுது, முட்டிக்கக் கூடாதேன்னு கேட்டேன். ஒரு சந்தேகம் இருந்துச்சு சிக்ருன். தப்பா இருந்தா அதுவே கத்துமேன்னு விட்டுட்டேன். ஒரு சத்தமும் வரல."

"வராமப் பண்ணினவ நான்."

சிக்ருன் அந்தக் கத்தலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"விசாரணைக்குச் சொல்லணும். இன்னைக்கே" என்றாள்.

"சொல்ல வேணாம்னா சொன்னேன்? வக்கீல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுவோம். நாம பாட்டுக்கு ஒண்ணு உளறி வச்சா கம்பெனியே மூழ்கிரும், இங்க இத்தன குடும்பம் இருக்கு. நீ மொதல்ல மத்த ஃபெர்ரியெல்லாம் சரிபண்ணு. அது முக்கியமா இல்லையா?"

"முக்கியம்தான்."

"அப்ப அதப் பாரு. வக்கீல் சொல்றவரைக்கும் வாயத் தொறக்காத."

அவள் சரிபண்ணினாள். எல்லாப் பெட்டிக்கும் 'வழக்கமான மேம்பாடு' என்ற பேரில் அது போய்ச் சேர்ந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்றாலும், இனிமேல் யாரும் சாக மாட்டார்கள் என்பது நிஜம். அந்த நிஜத்தைப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். வக்கீல் இன்ஷூரன்ஸ்காரர்களுக்காகக் காத்திருந்தார். இன்ஷூரன்ஸ்காரர்கள் அவர்களுடைய வக்கீலுக்காகக் காத்திருந்தார்கள். அவர் விடுமுறையில் மலைக் குடிலுக்குப் போயிருந்தார். கேட்கும்போதெல்லாம் கௌத்தே கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக "இந்த வாரம் வந்துரும்" என்றான். தட்டு விழுந்த இடத்தில் நின்றுகொண்டு இன்னொருத்தன் கையில் இருக்கிற பூட்டுக்காகக் காத்திருக்காதே என்று புதுசாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் அவள். அவளே காத்திருந்தாள். எனக்கு அதை நினைத்தால் கோபம் வருகிறது. ஆனால் மேலிடத்தைக் கேட்காமல் வாய் திறந்து பழக்கம் உள்ளவர்கள் அந்த ஆபீசில் யாரும் இல்லை, நம் ஆபீசுகளிலும் எத்தனை பேர் என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியம் ஆபீசில் வாஃபிள் சுடுவார்கள். ஜாமைத் தடவிக்கொண்டே ஒருத்தி உள்ளூர்ப் பத்திரிகையைப் படித்தாள்: "கேப்டன் ஒத்துக்கிட்டாராம். கவனக்கொறவுன்னு போலீஸ் எழுதினதுல கையெழுத்துப் போட்டுட்டாரு. கோர்ட்டுக்கே போகல. சிவப்புப் படகு ஒண்ணப் பாத்துக்கிட்டிருந்துட்டேன், அதான் லேட்டாயிருச்சுன்னு சொல்லியிருக்காரு. கேப்டன் சர்டிபிகேட்டயும் திருப்பிக் குடுத்துட்டாரு."

"பரவால்லயே, நேர்மையான மனுஷன்" என்றான் ஒருவன்.

சிக்ருன் நேராகக் கௌத்தே அறைக்குப் போனாள். "வக்கீல் என்ன சொன்னாரு?"

"வரும் வரும்." அவன் தலை நிமிரவில்லை. "இனிமே அவ்வளவு அவசரமும் இல்லையே."

அவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவன் எதிரிலேயே நின்று விசாரணை அலுவலகத்தைப் போனில் கூப்பிட்டாள். தான் யார், என்ன கண்டுபிடித்தாள், யார் எழுதியது, யார் சரி சொன்னது, யார் காவலின் வாயை அடைத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். கௌத்தே "வை, போன வை" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, பிறகு கையால் முகத்தை மூடிக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். போனில் இருந்த பெண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை நேரில் வரச் சொன்னாள்.

திங்கட்கிழமைவரை அவளால் பொறுக்க முடியவில்லை. மாக்னார் வீடு இருக்கிற ஸ்கார்வேய்க்குப் போகக் காரை எடுத்துக்கொண்டு அதே ஃபெர்ரியில் ஏறினாள். மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே எப்போதும்போல வெண்ணெய் தடவிய அடையை மடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள், ஜனங்கள் வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். அவள் முன்தளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். புதுக் கேப்டன் லீவரை இழுத்தார். ஃபெர்ரி சொன்னபடி கேட்டுப் பூப்போலத் துறையில் போய் ஒட்டியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மாக்னார் கதவைத் திறந்தார். பெரிய உடம்பு, சட்டை தொளதொளவென்று தொங்கியது. அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய், பெட்டி தன்னுடைய வேலை என்று சொன்னாள்.

"அடக்கத்துக்குப் பூவெல்லாம் அப்பவே அனுப்பிட்டாங்களே உங்க கம்பெனியில. இன்னும் என்னம்மா?" என்றபடி காபிக் கெண்டியை எடுத்தார்.

"நீங்க சரியான நேரத்துலதான் இழுத்தீங்க."

அவர் கெண்டியைக் கீழே வைத்தார். "திரும்பச் சொல்லு."

"நீங்க இழுத்தது பெட்டிக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டு, இன்னொரு வேல முடியட்டும்னு காத்துக்கிட்டு அப்படியே ஒறைஞ்சுபோச்சு. மோட்டார் பழைய உத்தரவுலயே ஓடிச்சு. மோதினதால அது அணைஞ்சுதுன்னு நெனச்சோம். அது தூங்கினதாலதான் மோதுச்சு. தப்பு எங்களது. என்னோடது."

மாக்னார் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியையும் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப அந்தச் சிவப்புப் படகு?"

"எனக்குத் தெரியலையே. நீங்கதான் பாத்ததாப் பத்திரிகையில..."

"மொதல்ல எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. லேட்டா இழுத்திருக்க, எதப் பாத்துக்கிட்டிருந்த, எதப் பாத்துக்கிட்டிருந்தன்னு எல்லாரும் கேட்டாங்க. நானும் என்னையே கேட்டேன். கேட்டுக் கேட்டு ஒரு நாள் அது வந்துருச்சு. சின்னப் படகு, சிவப்பு. பின்பக்கம் பெயின்ட் உரிஞ்சிருக்கு. ஒருத்தன் முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். இப்பவும் தெரியுதும்மா, இந்தா, இந்தக் கெண்டி தெரியுற மாதிரி. அது அங்க இருந்துச்சா, இல்லையா? உங்க பெட்டியில பாத்துச் சொல்ல முடியுமா?"

"முடியாது."

"முடியாதுல்ல." அவர் தலையை ஆட்டினார். "உனக்கு இது எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே."

அவர் திட்டவில்லை. நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு மூச்சு விட முடிந்திருக்கும். மழைக்கோட்டை எடுத்து மாட்டினார். "வா. ஆர்ன்ஃபின் பெஞ்சாதிகிட்ட நீயே வந்து சொல்லு. நான் ஏற்கெனவே அவகிட்ட ஒரு கதை சொல்லிட்டேன். இப்ப இதயும் நானே போய்ச் சொன்னா, தப்பிக்கப் பாக்குறான்னுதான் நெனப்பா."

ஆர்ன்ஃபின் மனைவி குத்னியின் வீடு மேட்டில் இருந்தது. கொட்டகைக்குள் நின்று விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். பிளந்து போட்டது மாக்னார்தான் என்பது அவர் போன உடனே குனிந்து கட்டைகளை ஒதுக்கிய விதத்திலேயே தெரிந்தது. சிக்ருன் சொன்னாள். இந்த முறை மெஷின் பேச்சு இல்லாமல் சொன்னாள். மாக்னார் சரியாகத்தான் செய்தார், நாங்கள் செய்த பெட்டி நின்றுபோனது, எனக்குத் தெரிந்தும் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன். தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்ததால் இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.

குத்னி மாக்னாரைப் பார்த்தாள். "நீ பண்ணலையா?"

"இல்லையாம்" என்றார் அவர்.

அவள் விறகுக் கட்டைமேல் உட்கார்ந்தாள்.

"இவன் என் வாசல்ல வந்து, நான்தான் கொன்னேன், வேற எங்கயோ பாத்துக்கிட்டிருந்தேன்னு சொன்னான். மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவச் சாத்தினேன். மறுபடி வந்தான், மறுபடி சாத்தினேன். வந்துக்கிட்டே இருந்தான். ஒரு நாள் உள்ள விட்டேன். என் புள்ளைங்க என்னோட சண்ட போட்டுட்டுப் போயிட்டாங்க, அப்பாவக் கொன்னவனுக்குக் காபி ஊத்துறியான்னு. பெரியவன் இன்னும் பேசல. ஆனாலும் மன்னிச்சேன். அது என்ன லேசுன்னு நெனச்சியாம்மா? என்கிட்ட இருந்தத அடியோட வழிச்சு எடுத்து இவனுக்குக் குடுத்தேன். இப்ப வந்து, ஆள் இவன் இல்லைங்கற."

"என்னை மன்னிச்சிருங்க" என்று சிக்ருன் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அதத்தான் சொல்றேன்" என்றாள் குத்னி, கோபமே இல்லாமல். "எல்லாத்தையும் இவனுக்குக் குடுத்துட்டேன். உனக்கு ஒண்ணும் மிச்சமில்ல."

எழுந்து விட்ட இடத்திலிருந்து அடுக்கத் தொடங்கினாள். மாக்னார் ஒவ்வொரு கட்டையாக எடுத்துக் கொடுக்க, வாங்கி வைத்தாள். சிக்ருன் என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்து ஒரு கட்டையை எடுத்து நீட்டினாள். குத்னி அதை வாங்கவில்லை.